பத்து வருடத்துக்கு ஒருமுறை முடி வளர்க்கும் ஊர்

ஜெர்மனியின் தெற்கு ஓரத்தில், ஆல்ப்ஸ் மலை தொடங்கும் இடத்தில் ஒரு சிற்றூர். பெயர் ஓபரம்மர்கௌ. மக்கள் தொகை 5,000-க்குக் கொஞ்சம் அதிகம். பத்து வருடத்துக்கு ஒருமுறை இந்த ஊரில் ஒரு விநோதம் நடக்கும். திருநீற்றுப் புதன் அன்று ஊர் நிர்வாகம் ஓர் அறிவிப்பை ஒட்டும். அன்றிலிருந்து ஆண்கள் தாடியை மழிக்க மாட்டார்கள். ஆண்களும் பெண்களும் முடி வெட்ட மாட்டார்கள். பள்ளி மாணவர், மரச்சிற்பி, ஹோட்டல்காரர், அலுவலக ஊழியர் என்று வித்தியாசமே கிடையாது. ஒரு வருடத்துக்கு மேல் இப்படியே போகும். தெருவில் பார்க்கிற ஆளெல்லாம் பைபிள் படத்திலிருந்து இறங்கி வந்தவர் மாதிரி இருப்பார்.

இவ்வளவும் ஒரு நாடகத்துக்காக. அந்த நாடகமோ, 1633-ம் வருடம் இந்த ஊர் கடவுளுக்குக் கொடுத்த ஒரு வாக்குக்காக. வாக்குக் கொடுத்தவர்களின் பேரன்களும் கொள்ளுப்பேரன்களும்கூட மண்ணோடு மண்ணாகிப் பல தலைமுறை ஆகிவிட்டது. வாக்கு மட்டும் இன்னும் நிறைவேற்றப்பட்டுக்கொண்டே இருக்கிறது.

தை மாதம் எடுத்த தீர்மானம் மாசிக்குள் மறந்துபோகிற உலகத்தில், ஓர் ஊரால் மட்டும் எப்படி முடிகிறது?

சித்திரம் வரைந்த வீடுகள்

மியூனிக் நகரிலிருந்து ரயில் ஏறினால், முர்னாவ் என்ற ஊரில் வண்டி மாற வேண்டும். அங்கிருந்து ஒரு கிளைப் பாதை. 1900-ல் போடப்பட்ட இந்தத் தண்டவாளம் புல்வெளிகளையும் பசுக்களையும் கடந்து, அம்மர் ஆற்றுப் பள்ளத்தாக்குக்குள் மெதுவாக நுழைகிறது. மொத்தம் ஏறக்குறைய இரண்டு மணி நேரப் பயணம். கடைசி நிறுத்தம் ஓபரம்மர்கௌ.

ஸ்டேஷனை விட்டு வெளியே வந்தவுடன் கண்ணில் படுவது கோஃபெல் என்ற பாறைச் சிகரம். ஊருக்குக் காவல் நிற்பது போல நிமிர்ந்து நிற்கிறது. அதன் உச்சியில் ஒரு சிலுவை. அதற்குக் கீழே வரிசையாக வீடுகள். சுவர்களில் வண்ணச் சித்திரங்கள்: தேவதூதர்கள், மாதா, மலர்ச்சரங்கள், இல்லாத இடத்தில் இருப்பது போல் வரைந்த தூண்கள். ஊரின் புகழ்பெற்ற சுவரோவியர் ஃபிரான்ஸ் சேராஃப் ஸ்விங்க் 18-ம் நூற்றாண்டில் தீட்டிய 'பிலாத்து வீடு' இன்றும் நிற்கிறது. குழந்தைகளோடு போகிறவர்கள் 'ஹான்ஸல், கிரெட்டல்' கதையை வரைந்திருக்கும் வீட்டின் முன்னால் நின்றுதான் படம் எடுத்துக்கொள்வார்கள்.

ஊரின் பழைய தொழில் மரச்சிற்பம். கடைகளில் மாதா சிலைகளும், கிறிஸ்துமஸ் குடில் பொம்மைகளும், சிலுவைகளும் அடுக்கியிருக்கும். நல்ல மரச்சிற்பி ஆக வருடக்கணக்கில் பொறுமை வேண்டும். இந்த ஊருக்குப் பொறுமை கைத்தொழிலோடு வந்தது என்றும் சொல்லலாம்.

பின்பக்க வழியாக வந்த நோய்

1618-ல் தொடங்கிய முப்பதாண்டுப் போர் ஜெர்மனியை உருக்குலைத்துக்கொண்டிருந்த காலம் அது. படைகள் போன வழியெல்லாம் பஞ்சம் வந்தது. பஞ்சத்தின் பின்னாலேயே கொள்ளைநோய். பக்கத்து ஊர்களில் சாவு விழத் தொடங்கியதும் ஓபரம்மர்கௌ மக்கள் ஊர் எல்லையில் காவல் போட்டார்கள். வெளியாட்கள் உள்ளே வரக் கூடாது. கொரோனா நாட்களில் தெருவுக்குத் தெரு கம்பு கட்டி அடைத்த காட்சியைப் பார்த்தவர்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை.

காவலையும் மீறி நோய் எப்படி வந்தது என்பதற்கு ஊரில் ஒரு வழிவழிக் கதை உண்டு. காஸ்பர் ஷிஸ்லர் என்ற உள்ளூர் ஆள், எஷன்லோஹே என்ற பக்கத்து ஊரில் கூலி வேலைக்குப் போயிருந்தான். கோயில் திருவிழா வந்தது. பெண்டாட்டி பிள்ளைகளைப் பார்க்க ஆசை. மலையைச் சுற்றிப் பின்பக்க வழியாகக் காவலுக்குத் தெரியாமல் வீட்டுக்குள் வந்துவிட்டான். கூடவே நோயும் வந்தது. சில நாட்களுக்குள் அவன் இறந்தான். பிறகு ஊரே சாகத் தொடங்கியது. எண்பதுக்கும் மேற்பட்டவர்கள் மாண்டதாக ஊர் மரபு சொல்கிறது.

1633-ம் வருடம் ஊர்ப் பெரியவர்கள் கூடினார்கள். நோய் நின்றால், இயேசு கிறிஸ்துவின் பாடுகளையும் மரணத்தையும் உயிர்ப்பையும் பத்து வருடத்துக்கு ஒருமுறை நாடகமாக நடத்துகிறோம் என்று நேர்ந்துகொண்டார்கள். தமிழ்நாட்டுக் கத்தோலிக்க ஊர்களில் 'பாஸ்கா' என்ற பெயரில் நடத்துவதும் இதே கதைதான். அந்த நாளுக்குப் பிறகு ஊரில் ஒருவர்கூட அந்த நோயால் சாகவில்லை என்பது ஊரின் நம்பிக்கை.

அடுத்த வருடமே, 1634-ல், பெந்தெகொஸ்தே பண்டிகையின்போது முதல் நாடகம் நடந்தது. மேடை போட்ட இடம் கோயிலை ஒட்டிய கல்லறைத் தோட்டம். நோயில் இறந்தவர்களைப் புதைத்த மண்ணின் மேலேயே பலகை அடித்து, பிழைத்தவர்கள் நடித்தார்கள். எதற்காக நடிக்கிறோம் என்று அன்றைக்கு யாருக்கும் ஞாபகப்படுத்த வேண்டிய தேவை இருந்திருக்காது. தேவை வந்தது பிற்பாடுதான்.

யாரும் கேட்காத கேள்வி

ஞாபகத்தில் இரண்டு வகை உண்டு என்கிறார்கள் உளவியலாளர்கள். நடந்ததை நினைவில் வைப்பது ஒன்று. செய்ய வேண்டியதை நினைவில் வைப்பது இன்னொன்று. இரண்டாவது கடினம். பரீட்சையில் கேள்வித்தாள் கேட்கிறது, பதில் ஞாபகம் வருகிறது. ஆனால் 'சாயங்காலம் அம்மாவுக்கு மாத்திரை வாங்க வேண்டும்' என்று காலையில் நினைத்தால், மெடிக்கல் ஷாப்பைத் தாண்டும்போது யாரும் வந்து கேள்வி கேட்பதில்லை. கேட்காத கேள்விக்குச் சரியான நேரத்தில் பதில் சொல்லியாக வேண்டும். அதனால்தான் பை நிறையக் காய்கறியோடு வீடு வந்து சேர்ந்த பிறகு, 'அடடா, மாத்திரை!' என்று தலையில் கை வைக்கிறோம்.

இதற்கு ஒரு சுலபமான வைத்தியத்தைச் சொன்னவர் பீட்டர் கோல்விட்ஸர் என்ற ஜெர்மானிய உளவியலாளர். 1997-ல் அவரும் சக ஆய்வாளர் ஒருவரும் வெளியிட்ட ஆய்வு இந்தத் துறையில் பிரபலம். கிறிஸ்துமஸுக்கு முந்தைய மாலையை எப்படிக் கழித்தீர்கள் என்று இரண்டு நாளுக்குள் எழுதி அனுப்பும்படி மாணவர்களிடம் கேட்டார்கள். ஒரு பாதிப் பேரிடம் மட்டும், எப்போது, எந்த இடத்தில் உட்கார்ந்து எழுதப்போகிறீர்கள் என்று முன்கூட்டியே முடிவு செய்யச் சொன்னார்கள். அப்படி முடிவு செய்தவர்களில் ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கினர் சொன்ன நேரத்துக்குள் எழுதினார்கள். மற்றவர்களில் மூன்றில் ஒரு பங்கினர்தான் எழுதினார்கள். ஆசை எல்லோருக்கும் இருந்தது. நேரத்தையும் இடத்தையும் கட்டிப் போட்டவர்களுக்குக் காரியம் நடந்தது.

பாட்டிமார்களுக்கு இது தெரியாததா என்ன! குழந்தைக்குக் காய்ச்சல் என்றால் மஞ்சள் துணியில் ஒரு ரூபாயை முடிந்து சாமி படத்தின் முன்னால் வைப்பார்கள். தினமும் விளக்கேற்றும்போது அந்த முடிச்சு கண்ணில் படும். கோயிலுக்குப் போய்ச் சேரும்வரை அது கேள்வி கேட்டுக்கொண்டே இருக்கும்.

ஆனால் முடிந்துவைத்தவர் போய்விட்டால்? ஒரு மனிதரின் ஞாபகம் அவரோடு முடிந்துவிடும். ஓபரம்மர்கௌ எதிர்கொண்ட கஷ்டம் அதுதான்.

ஊர் போட்ட முடிச்சுகள்

முதல் முடிச்சு, எண். 1634, 1644, 1654 என்று நான்கில் முடிகிற வருடங்களில் நாடகம் நடந்துவந்தது. 1674-க்குப் பிறகு, 1680-ல் ஒருமுறை நடத்தி, அதிலிருந்து பூஜ்யத்தில் முடிகிற வருடங்களுக்கு மாற்றிக்கொண்டார்கள். 1690, 1700, 1710. எழுதப் படிக்கத் தெரியாதவருக்கும் மறக்காது.

இரண்டாவது முடிச்சு, வாய்ச்சொல். பழைய சபதம் எங்கோ பெட்டிக்குள் கிடக்கட்டும் என்று விடுவதில்லை. ஒவ்வொரு நாடகத்துக்கும் முன்னால் ஊர் கூடி, முன்னோர் கொடுத்த வாக்கைத் தங்கள் வாக்காகப் புதுப்பிக்கிறது. கடைசியாக அப்படிச் செய்தது 2018 அக்டோபரில். அதே நாளில்தான் யார் யாருக்கு எந்த வேடம் என்ற அறிவிப்பும் வந்தது. நாடக அரங்கத்துக்கு முன்னால் பெரிய கரும்பலகையை வைத்து, சாக்பீஸால் ஒவ்வொரு பெயராக எழுதுவார்கள். ஒவ்வோர் எழுத்தாக உருவாகும்போது, கூட்டம் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்க்கும். முக்கிய வேடங்களுக்கு இரண்டிரண்டு பேர் என்பதால் மாற்றி மாற்றி நடிப்பார்கள். எல்லோரும் பார்க்கப் பலகையில் பெயர் எழுதிய பிறகு, 'மறந்துவிட்டேன்' என்று யாரால் சொல்ல முடியும்?

மூன்றாவது முடிச்சு, முடி. அடுத்த வருடம் நாடகம் என்றால், இந்த வருடத் திருநீற்றுப் புதனிலிருந்து கத்தரிக்கோலுக்கு ஓய்வு. விக், ஒட்டுத்தாடி எதுவும் மேடையில் கிடையாது. ரோமானியப் படைவீரர்களாக நடிப்பவர்களுக்கு மட்டும் விலக்கு, அவர்கள் மழித்துக்கொள்ளலாம். கண்ணாடி பார்க்கும்போதெல்லாம் வாக்கு முகத்திலேயே தெரியும். பழனிக்கு முடி நேர்ந்துகொண்ட வீட்டில், பிள்ளையின் தலையைப் பார்த்துப் பார்த்தே நேர்த்திக்கடன் ஞாபகம் இருப்பதைப் போலத்தான்.

நான்காவது, இன்னொரு நாடகம். பெரிய நாடகத்துக்கு முந்தைய வருடம், 1633-ல் ஊருக்கு நோய் வந்த கதையைச் சொல்லும் 'கொள்ளைநோய்' நாடகத்தை நடத்துவது வழக்கம். எதற்காக இவ்வளவு பாடும் என்று கேட்கிற இளசுகளுக்கு அதுவே பதில்.

ஐந்தாவது, குழந்தைகள். இயேசு கழுதை மேல் எருசலேமுக்குள் நுழையும் காட்சியில் ஊர்ப் பிள்ளைகள் நூற்றுக்கணக்கில் மேடையேறுவார்கள். வாக்கு, நோய், போர் எதுவும் புரியாத வயது. கூட்டத்தில் கத்தலாம், ஓடலாம் என்பது மட்டும் புரியும். அந்தப் பிள்ளை அடுத்த நாடகத்தில் வாலிபன், அதற்கடுத்ததில் சீடன், பிறகு தாடி நரைத்த ஆசாரியன். எழுபது வயதுக்காரர் தன் வாழ்க்கையை ஏழு நாடகங்களாகச் சொல்லிவிடலாம்.

மேடையேற ஒரு விதி உண்டு. இந்த ஊரில் பிறந்திருக்க வேண்டும், அல்லது 20 வருடமாவது இங்கே குடியிருந்திருக்க வேண்டும். வெளியூர் நடிகர்களுக்கு இடமில்லை. நடிப்பு, பாட்டு, வாத்தியம், உடை, மேடைவேலை என்று எல்லாமாகச் சேர்த்து ஏறக்குறைய 2,000 பேர் ஈடுபடுகிறார்கள். அதாவது ஊரில் மூன்று பேரில் ஒருவருக்குக் குறையாமல்.

தடை வந்த வருடங்கள்

எல்லா வருடமும் நினைத்தபடி நடந்துவிடவில்லை. 1770-ல் அரசு இப்படிப்பட்ட நாடகங்களைத் தடை செய்தது. 1810-ல் மறுபடியும் தடை. ஊர்க்காரர்கள் மியூனிக்குக்கு நடந்தார்கள், மன்றாடினார்கள். எட்டால் மடத்துத் துறவி ஓத்மர் வைஸ் வசனத்தைப் புதிதாக எழுதிக் கொடுத்தார். ஊர்ப் பள்ளி ஆசிரியர் ரோஹுஸ் டெட்லர் இசையமைத்தார். 1811-ல் அனுமதி கிடைத்தது. டெட்லரின் இசைதான் இன்றைய நாடகத்துக்கும் அடிப்படை.

1870-ல் நாடகம் நடந்துகொண்டிருக்கும்போதே பிரான்ஸுடன் போர் மூண்டது. இளைஞர்கள் படைக்குப் போனார்கள். இயேசுவாக நடித்த ஜோசஃப் மயருக்கும் அழைப்பு. ராணுவத்தில் சேர்ந்தாலும் நீண்ட முடியை வெட்டாமலிருக்க அவருக்குத் தனி அனுமதி கிடைத்தது என்று கதை உண்டு. 1871-ல் போர் முடிந்ததும் விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தார்கள். பவேரிய மன்னர் இரண்டாம் லூட்விக் அந்த வருடம் வந்து பார்த்து மனம் நெகிழ்ந்து, பெரிய கற்சிலைத் தொகுதி ஒன்றை ஊருக்குப் பரிசளித்தார். சிலுவையில் இயேசு, அடியில் மரியாளும் யோவானும். ஊர் ஓரத்துக் குன்றில் இன்றும் பார்க்கலாம்.

முதல் உலகப் போரில் இளைஞர்களைப் பறிகொடுத்த ஊரால் 1920-ல் நடத்த முடியவில்லை. 1922-ல் நடத்தியது. 1940-ல் இரண்டாம் உலகப் போர், நாடகமே இல்லை. 1950-ல் மீண்டும்.

தள்ளிப்போன வருடங்கள் உண்டு. 'அவ்வளவுதான், விட்டுவிடலாம்' என்று முடிவெடுத்த வருடம் கிடையாது.

ஞாபகம் இருந்தது, காரணம் தவறியது

இந்த ஊரின் கதையைப் பெருமையாக மட்டும் சொல்லிவிட்டுப் போனால் பாதிக் கதைதான் சொன்னதாகும்.

பழைய வசனத்தில் இயேசுவின் மரணத்துக்கு யூதர்கள் எல்லோரும் பொறுப்பு என்பது போன்ற காட்சிகள் இருந்தன. யூத ஆசாரியர்கள் கொடூரர்களாகச் சித்திரிக்கப்பட்டார்கள். இப்படிப்பட்ட கதைகள் ஐரோப்பா முழுக்க யூதர்கள் மீதான வெறுப்புக்கு நூற்றாண்டுகளாக எண்ணெய் வார்த்தவை. 1934-ல், முதல் நாடகத்தின் 300-வது ஆண்டையொட்டி நடந்த சிறப்பு நாடகத்தை ஹிட்லர் நேரில் வந்து பார்த்தார். இந்த நாடகத்தை அவர் மெச்சியதற்குக் காரணம், அந்த யூத வெறுப்புதான். அடுத்த சில வருடங்களில் 60 லட்சம் யூதர்கள் கொல்லப்பட்டார்கள்.

நோயிலிருந்து பிழைத்ததற்கு நன்றி சொல்லத் தொடங்கிய நாடகம், இன்னொரு நோய்க்குத் துணை போனது. தேதி மறக்கவில்லை. முடி வளர்க்க மறக்கவில்லை. எதற்காக என்பது மட்டும் கைநழுவியிருந்தது.

போருக்குப் பிறகும் ஊர் உடனே மாறிவிடவில்லை. 1965-ல் கத்தோலிக்கத் திருச்சபையே, இயேசுவின் மரணத்துக்கு யூத இனத்தைக் குற்றம் சொல்லக் கூடாது என்று தன் இரண்டாம் வத்திக்கான் சங்கத்தில் அறிவித்தது. அப்படியிருந்தும் 1970-ல் பழைய வசனத்தைப் பெரிதாக மாற்றாமலே நடத்தினார்கள். யூத அமைப்புகள் புறக்கணிப்புக்கு அழைப்பு விடுத்தன. ஊருக்குள்ளேயே இரண்டு கட்சி. முன்னோர் எழுதியதை மாற்றினால் வாக்கை மீறியதாகாதா என்று ஒரு தரப்பு கேட்டது. வெறுப்பை நடித்துக் காட்டுவதாகவா முன்னோர் நேர்ந்துகொண்டார்கள் என்று மறு தரப்பு கேட்டது.

1987-ல், இருபதுகளின் நடுவில் இருந்த கிறிஸ்டியன் ஷ்டூக்கல் என்ற உள்ளூர் மரச்சிற்பியை ஊர் இயக்குநராகத் தேர்ந்தெடுத்தது. 1990 முதல் எல்லா நாடகங்களும் அவர் கையில். யூத அறிஞர்களோடும் அமைப்புகளோடும் உட்கார்ந்து பேசி, ஒவ்வொரு முறையும் வசனத்தைத் திருத்தினார்கள். இன்றைய மேடையில் இயேசு ஒரு யூதராகவே வருகிறார். எபிரேய மொழியில் ஜெபம் ஒலிக்கிறது. ஆசாரியர்களுக்குள்ளும் அவருக்காக வாதாடுகிறவர்கள் இருக்கிறார்கள். முக்கிய நடிகர்களை நாடகத்துக்கு முன்னால் இஸ்ரேலுக்கு அழைத்துப் போய்க் காட்டுவதும் பழக்கமாகியிருக்கிறது.

வாக்கு யாருடையது?

இன்னொரு சண்டையும் நடந்தது. 35 வயதுக்கு உட்பட்ட, கல்யாணம் ஆகாத பெண்கள்தான் நடிக்கலாம் என்பது பழைய விதி. ஆண்களுக்கு அப்படி எதுவும் கிடையாது. கல்யாணமான அன்றே ஒரு பெண்ணின் மேடை வாழ்க்கை முடிந்துவிடும். 1633-ல் செத்தவர்களில் பெண்கள் இல்லையா, அன்று வேண்டிக்கொண்டவர்களில் தாய்மார்கள் இல்லையா? ஊர்ப் பெண்கள் நீதிமன்றம் போனார்கள். 1990-ல் தீர்ப்பு அவர்கள் பக்கம் வந்தது. அந்த வருடமே, கல்யாணமாகிக் குழந்தைகள் பெற்ற ஒரு பெண் மரியாளாக மேடையேறினார். தாயின் வேடத்தில் ஒரு தாய்!

பிறகு கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. கத்தோலிக்கர்களுக்கே உரியதாக இருந்த முக்கிய வேடங்கள் புராட்டஸ்டண்ட் கிறிஸ்தவர்களுக்கும் கிடைத்தன. 2000 முதல் பிற மதத்தினரும் பங்கேற்கிறார்கள். 2022-ல் யூதாஸ் வேடத்தில் நடித்த இருவரில் ஒருவர், துருக்கியப் பின்னணி கொண்ட உள்ளூர் முஸ்லிம் இளைஞர் செங்கிஸ் கோரூர். துணை இயக்குநராக இருந்த அப்துல்லா கெனான் கராஜாவும் அதே ஊர்ப் பிள்ளை. வாக்குக் கொடுத்த 1633-ம் வருடத்து மனிதர்கள் இதை நினைத்தே பார்த்திருக்க மாட்டார்கள். ஆனால் வாக்கைக் கொடுத்தது ஊர். அந்த ஊரில் இன்று யார் யார் இருக்கிறார்களோ, அவர்கள் அத்தனை பேர் தலையிலும் அந்தக் கடன் இருக்கிறது. தோள் கொடுக்க வருகிறவரை எப்படி வேண்டாம் என்பது?

மீண்டும் ஒரு கொள்ளைநோய்

2020-ம் வருடத்துக்காக எல்லாம் தயாராக இருந்தது. 2019 மார்ச் 6, திருநீற்றுப் புதனிலிருந்து முடி வளர்ந்துகொண்டிருந்தது. டிக்கெட்டுகள் விற்றாயிற்று. ஒத்திகைகள் நடந்தன. மே மாதம் முதல் காட்சி. மார்ச் 19-ம் தேதி அறிவிப்பு வந்தது: கொரோனா காரணமாக நாடகம் 2022-க்குத் தள்ளிவைப்பு.

கொள்ளைநோய் போனதற்காகத் தொடங்கிய நாடகத்தை ஒரு கொள்ளைநோய் நிறுத்தியது. ஒரு வருடத்துக்கு மேல் வளர்த்த முடியையும் தாடியையும் வெட்டிக்கொண்டார்கள். பிறகு 2021 பிப்ரவரி 17, அடுத்த திருநீற்றுப் புதன் பொருந்தி வந்தபோது, முகக்கவசம் போட்ட ஊர் மறுபடியும் முடி வளர்க்கத் தொடங்கியது.

2022 மே 14 முதல் அக்டோபர் 2 வரை, 42-வது முறையாக நாடகம் நடந்தது. நூறுக்கும் மேற்பட்ட காட்சிகள். உலகம் முழுவதிலிருந்தும் நான்கு லட்சத்துக்கும் அதிகமானோர் வந்து பார்த்தார்கள்.

போகிறவர்களுக்கு

நாடக அரங்கம் ஊருக்குள்ளேயே இருக்கிறது. ஏறக்குறைய 4,500 பேர் உட்காரலாம். பார்வையாளர்களுக்குக் கூரை உண்டு; மேடை திறந்தவெளி. நடிகர்களுக்குப் பின்னால் நிஜமான வானமும் மலையும் தெரியும்.  காட்சிகளுக்கு இடையே பழைய ஏற்பாட்டுக் கதைகள் 'உயிர்ச் சித்திரங்களாக' வரும்: நடிகர்கள் அசையாமல் நிற்க, பாடகர் குழு பாடும். மொத்தம் ஐந்து மணி நேரம். நடுவில் சாவகாசமாகச் சாப்பிட்டு வர நீண்ட இடைவேளை. வசனம் ஜெர்மன் மொழியில்தான். கதை தெரிந்தவர்களுக்கு மொழி பெரிய தடையில்லை.

ரவீந்திரநாத் தாகூர் 1930-ல் இங்கே வந்து நாடகத்தைப் பார்த்தார். அந்தப் பாதிப்பில் எழுதிய நெடுங்கவிதைதான் 'தி சைல்ட்'. வங்க மொழியில் எழுதிப் பிறகு மொழிபெயர்ப்பது அவர் வழக்கம். இதை மட்டும் நேரடியாக ஆங்கிலத்தில் எழுதினார்.

நாடகம் இல்லாத வருடங்களிலும் ஊர் அழகுதான். கூட்டமும் குறைவு. அரங்கத்தைச் சுற்றிக் காட்டுகிறார்கள். அருங்காட்சியகத்தில் பழைய மரச்சிற்பங்களும் கிறிஸ்துமஸ் குடில்களும் இருக்கின்றன. சில கிலோமீட்டரில் 1330-ல் தொடங்கிய எட்டால் மடம். பெரிய குவிமாடத்துக் கோயிலைப் பார்க்கத் தவறக் கூடாது. இன்னும் கொஞ்சம் தள்ளிப் போனால், லூட்விக் மன்னர் கட்டிய லிண்டர்ஹோஃப் மாளிகை. நடக்கத் தெம்பு உள்ளவர்கள் கோஃபெல் மலைப்பாதையில் ஏறலாம். கடைசிப் பகுதி செங்குத்துப் பாறை என்பதால் சின்னப் பிள்ளைகளோடு உச்சிக்குப் போவது சரிப்படாது. கொஞ்சம் கீழே நின்று பார்த்தாலே ஊர் முழுக்கத் தெரியும்.

நாடகத்தையே பார்க்க வேண்டும் என்பவர்கள் குறித்துக்கொள்ள வேண்டிய வருடம் 2030. பழைய வழக்கப்படியே நடந்தால், 2029-ல் திருநீற்றுப் புதன் பிப்ரவரி 14-ம் தேதி வருகிறது. அன்று அந்த அறிவிப்பு மறுபடியும் ஒட்டப்படும்.

'2030-ல் போகலாம்' என்று மனதில் நினைத்துக்கொண்டால் மட்டும் மறந்துபோகும். மாதச் சீட்டு எப்போது தொடங்குவது, பாஸ்போர்ட்டைப் புதுப்பிப்பது யார், குடும்பத்தில் யார் யார் வருகிறார்கள் என்று இப்போதே பேசி, எல்லோர் கண்ணிலும் படும்படி காலண்டரில் எழுதிவைப்பது நல்லது. வீட்டில் சின்னப் பிள்ளைகள் இருந்தால் அவர்கள் காதில் கட்டாயம் போட்டுவையுங்கள். பெரியவர்கள் மறந்தாலும், 'எப்போ போறோம்?' என்று அவர்கள் விடாமல் கேட்டுக்கொண்டே இருப்பார்கள்.